எருக்குழிக்கு வரும் சந்தைப் பை

கடைக்குப் போகும்போது துணிப்பை எடுத்துப் போங்கள் என்பது பட்டணத்தாருக்குச் சொல்லும் புத்திமதி என்று நம் விவசாயிகளில் பலர் எண்ணுகிறார்கள். பட்டணத்தில் குப்பை வண்டி வாசலுக்கு வருகிறது. நம் வீடுகளில் பெருக்கிய குப்பை பெரும்பாலும் எருக்குழிக்குத்தான் போகிறது. அங்கிருந்து கோடையில் வண்டியேறி வயலுக்கு வருகிறது. ஆகவே பாலிதீன் பையால் முதலில் நஷ்டப்படுகிறவன் சிறு விவசாயிதான் என்பது என் அபிப்பிராயம்.

வாரச் சந்தைக்கு வெறுங்கையோடு போய்த் திரும்புகிறவர் கையைப் பாருங்கள். தக்காளிக்கு ஒரு பை, மீனுக்கு ஒன்று, கருவாட்டுக்கு ஒன்று, இவை எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளப் பெரிதாக இன்னொன்று. மறுநாள் காலை அத்தனையும் சாணத்தோடு குழியில் கிடக்கும். சாணமும் தழையும் மக்கிவிடுகின்றன. பாலிதீன் மக்குவதில்லை, கிழிந்து துண்டு துண்டாகிறது, அவ்வளவுதான். தொழு உரத்தோடு அதையும் இறைத்து உழுதுவிட்டால் பொறுக்கி எடுப்பது நடவாத காரியம். துண்டின்மேல் விழுந்த விதைக்கு வேர் கீழே இறங்க வழியில்லை. மழை நீரும் அந்த இடத்தில் உள்ளே போகாது. விழுது மண்ணில் இறங்கினால்தான் காய் பிடிக்கும் நிலக்கடலைக்கு இது எவ்வளவு இடைஞ்சல் என்று சொல்லத் தேவையில்லை. சிலர் குழியோரத்திலேயே கொளுத்திவிடுகிறார்கள். அந்த நச்சுப் புகை வீட்டுக் குழந்தைகளின் மூக்கில்தான் ஏறுகிறது.

மாட்டின் கதை இதைவிட மோசம். பழத்தோலும் மிச்சச் சோறும் உள்ள பையை மாடு பிரித்துத் தின்பதில்லை, பையோடு விழுங்குகிறது. அது முதல் இரைப்பையில் தங்கிச் சுருண்டு கட்டியாகிவிடும். மாடு தீவனம் குறைக்கும், பால் குறையும், அடிக்கடி வயிறு உப்பும். முற்றிய நிலையில் வயிற்றைக் கீறி எடுப்பதைத் தவிர வேறு வைத்தியமில்லை.

தமிழகத்தில் ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. மஞ்சப்பையை மறுபடி கொண்டுவர 2021 டிசம்பரில் அரசு ஓர் இயக்கமும் தொடங்கியது. ஆனாலும் சந்தையில் பை கிடைக்காமலில்லை. கேட்கிறவர் இருக்கும்வரை கொடுக்கிறவரும் இருப்பார். மஞ்சப்பை பிடித்துப் போவது கௌரவக் குறைவு என்று நம் இளைஞர்கள் கூசுவதுதான் எனக்கு விளங்கவில்லை. விதை வாங்கவும் பத்திரம் பதியவும் அவர்கள் பாட்டனார் அந்தப் பையோடுதான் போனார்.

துணிப்பை ஒன்று, மீன் கறிக்கு மூடியுள்ள தூக்கு ஒன்று. இந்த இரண்டும் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ எப்போதும் தொங்கட்டும். பருப்பு வகைகளைக் கால் கிலோ, அரைக் கிலோவாக வாரந்தோறும் பாக்கெட்டில் வாங்குவதைவிட, அறுவடை சமயத்தில் அக்கம்பக்கத்து விவசாயியிடமே மொத்தமாக வாங்கி, நன்றாகக் காய வைத்துப் பானையில் வைக்கலாம். விலையும் குறையும்.

எண்ணெய் விஷயத்தை இன்னும் யோசிக்க வேண்டும். கடலை பயிரிடுகிறவரே மூட்டையை வியாபாரிக்குப் போட்டுவிட்டு, கடல் கடந்து வந்த பாமாயிலைப் பாக்கெட்டில் வாங்குகிறார். வீட்டுக்கு வேண்டிய அளவு கடலையை நிறுத்திக்கொண்டு செக்கில் கூலிக்கு ஆட்டினால், ஏறத்தாழ இரண்டரைக் கிலோ பருப்புக்கு 1 லிட்டர் எண்ணெய் கிடைக்கும். பிண்ணாக்கு மாட்டுக்கு ஆகிறது. பூசணம் பிடித்த பருப்பை மட்டும் கண்டிப்பாகப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அதிலுள்ள நச்சு காய்ச்சினாலும் போகாது. எண்ணெய்க்குச் சில்வர் தூக்கோ கேனோ கொண்டு போங்கள். பூச்சி மருந்து வந்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் இதற்கு எடுக்கக் கூடாது. சிக்கனம் என்று நினைத்து இதைச் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

விற்கிறவர்களும் நாம்தான் என்பதை மறக்கலாகாது. 1999-ல் மதுரையில் தொடங்கி மற்ற ஊர்களுக்கும் பரவிய உழவர் சந்தைகளில் தராசு நம் கையில் இருக்கிறது. கீரையை வாழை நாரில் கட்டி, தேங்காயை வெறும் கையில் கொடுத்து, பை கேட்பவரிடம் இல்லை என்று சொல்லிவிடலாம். ஒருவர் மட்டும் சொன்னால் வாடிக்கை அடுத்த கடைக்குப் போகும் என்ற பயம் நியாயமானதே. ஆகவே ஒரு வரிசைக் கடைக்காரர்கள் கூடிப் பேசி, ஒரே நாளில் நிறுத்த வேண்டும்.