கல்லாவுக்குப் பின்னால்



தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போகிறவர்கள் நடுகற்களுக்கு முன்னால் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும். ஆநிரை மீட்கப் போய் மடிந்தவர்களுக்கு ஊரார் எடுத்த கற்கள். பல்லவர் காலத்துக் கற்களில் அரசனின் ஆட்சியாண்டு, இறந்தவனின் பெயர், எந்தப் பூசலில் விழுந்தான் என்பதுவரை வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். பக்கத்துச் செங்கம் பகுதியில் எடுத்தனூர்க் கல்லில், திருடரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் இடம் உண்டு. 1970-களில் இரா. நாகசாமியும் தொல்லியல் துறையினரும் இந்தக் கற்களை ஊர் ஊராகத் தேடிப் படியெடுத்துப் பதிப்பித்தார்கள். நாயின் பெயரைக்கூட விடாமல் எழுதிவைத்த மண் இது.

அதே மண்ணில், தாத்தா தொடங்கி அப்பா நடத்திப் பேரன் கைக்கு வந்திருக்கும் மளிகைக் கடைகள் எத்தனையோ இருக்கின்றன. அந்தக் கடைகளின் ஒரு சாதாரண நாளை யார் எழுதுவது? இந்த மாதம் உங்களிடம் கேட்க நினைப்பது இதைத்தான்.

கலைஞர்களை ஓர் இடத்தில் தங்கவைத்து, அங்கேயே படைக்க விடும் வழக்கம் உலகெங்கும் உண்டு. பெரும்பாலும் மலையோரத்திலோ கடலோரத்திலோ அமைதியான அறை ஒன்றைக் கொடுப்பார்கள். மியர்ல் லேடர்மன் யூகலீஸ் என்ற அமெரிக்கக் கலைஞர் போய்ச் சேர்ந்த இடம் வேறு. 1977-இல் நியூயார்க் மாநகரத் துப்புரவுத் துறையில் சம்பளமில்லாத தங்கு கலைஞரானார். 1979-80இல் அங்கிருந்த 8,500 தொழிலாளர்களை அவர்கள் வேலை பார்க்கும் இடத்துக்கே தேடிப் போய், ஒவ்வொருவர் கையையும் பற்றி நன்றி சொன்னார். துப்புரவுத் துறையில் சேர்வதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, தாயான புதிதில், துவைப்பதும் பெருக்குவதும் சமைப்பதும் கலைதான் என்று அறிக்கை எழுதியவர் அவர். தினமும் செய்தாக வேண்டிய, செய்து முடித்த சுவடே தெரியாத வேலைகளின் பக்கம் நின்றவர்.

அப்படி ஒருவர் நம் பாலக்கோட்டிலோ அரூரிலோ ஒரு கடையில் வந்து உட்கார்ந்தால் என்ன பார்ப்பார்?

கடை திறக்கும் முன்பே அவர் வந்துவிட வேண்டும். வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர் கடைக்காரரின் மனைவியோ மருமகளோதான். முன்னால் கல்லாவுக்குச் சூடம் காட்டி முதல் போணிக்குக் காத்திருக்கும் நேரத்தில், பின்கட்டில் நேற்று இறங்கிய மூட்டையைப் பிரித்துப் புடைக்கத் தொடங்கியிருப்பார்கள். மாசி, பங்குனி என்றால் இந்த மாவட்டத்தில் புளிக்காலம். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி எடுக்கிற வேலை பெரும்பாலும் பெண்களுடையது. விரல் நுனி கறுத்து, காந்தும். அந்தக் கையோடுதான் சாப்பாட்டு வேளைக்குச் சமையலும் நடக்கும். கணவர் சாப்பிடப் போகிற நேரத்தில் கல்லாவும் மனைவியின் பொறுப்பு. சந்தை நாளில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் விலை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வேலைக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போன மகன் பணம் அனுப்பும்வரை பெற்றோருக்குச் சாமான் கடனில் போகும். யாருக்கு எதுவரை கொடுக்கலாம், யாரிடம் எப்போது கேட்கலாம் என்பது பல கடைகளில் அந்த அம்மாவுக்குத்தான் அத்துப்படி.

கடையின் பேரேட்டில் வரவு உண்டு, செலவு உண்டு, பற்று உண்டு. புளி தட்டிய கைக்கு ஒரு வரி கிடையாது. கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. நல்ல சட்டம், கூலிக்கு நிற்பவர்களை மனத்தில் வைத்து வந்த சட்டம். சொந்தக் கடையில் நிற்கிற மருமகளின் கால்வலியை ஒரு கலைஞர்தான் வரைய முடியும் என்று நம்புகிறேன். 2019 சனவரி முதல் நாள் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்ததே, அன்று செய்தித்தாளைக் கூம்பாகச் சுற்றி, சணல் கட்டிப் பொட்டலம் மடிக்கத் தெரிந்த கை எந்தக் கடையில் மிச்சமிருந்தது, அது யாருக்குக் கற்றுக்கொடுத்தது என்பதும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய ஒரு முயற்சி நடந்திருக்கிறது. மானுடவியலாளர் ஸோயி ஹெட்லி, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியில், நம் ஊர்களின் பழைய போட்டோ ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்ணிமமாக்கினார். ஸ்டூடியோக்களும் குடும்பத் தொழில்தான். கரையானுக்கும் பழைய சாமான்காரருக்கும் போனது போக மிஞ்சிய கண்ணாடித் தகடுகள் பிழைத்தது பெரிய விஷயம். ஆனால் இருட்டறையில் நின்றது யார், படங்களுக்கு வண்ணம் தொட்டது யார் என்று கடை மூடிய பிறகு கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். கடை நடக்கும்போதே உள்ளே போயாக வேண்டும்.

கேமராவோடு ஒரு மணி நேரம் வந்து போகிறவருக்குக் கடை முகப்பை மட்டும்தான் காட்டும். புளி வரத்தில் தொடங்கித் தீபாவளிச் சீட்டு முடியும்வரையாவது ஒருவர் கூட இருக்க வேண்டும். சும்மா இருக்கக் கூடாது. மூட்டை பிரிக்கவும் நிறுக்கவும் கைகொடுக்க வேண்டும்.

இதற்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் படிக்கும் நம் மாவட்டப் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார்கள். வரையத் தெரிந்தவர்கள் வரையுங்கள், எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பென்னாகரம், காரிமங்கலம், பாப்பிரெட்டிப்பட்டி, எங்கே வேண்டுமானாலும் சரி. மளிகைதான் என்றில்லை, பாத்திரக்கடை, நாட்டு மருந்துக்கடை, தையல் கடை எல்லாம் சேரும். உங்கள் சொந்தக் கடை என்றால் இன்னும் நல்லது. இந்த இதழில் அதற்குப் பக்கம் ஒதுக்குகிறோம்.

இரண்டே நிபந்தனைகள். கடன் நோட்டில் உள்ள பெயர்கள் வெளியே வரக் கூடாது. அது கடைக்காரருக்கும் வாங்கியவருக்கும் இடையில் இருக்கும் மானம். எழுதியதையும் வரைந்ததையும் அந்தக் குடும்பத்தாருக்குப் படித்துக் காட்டிச் சம்மதம் பெற்ற பிறகே அனுப்ப வேண்டும். பின்கட்டில் இருப்பவர் சம்மதமும் அதில் கட்டாயம். கையெழுத்தில் வந்தாலும் பரவாயில்லை, நாங்கள் தட்டச்சு செய்துகொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்