வீட்டு மேசையில் தயாராகும் தோட்டா: அமெரிக்கர்கள் ஏன் ‘டை’ வாங்குகிறார்கள், அது எங்கே சொதப்புகிறது?

2023 நவம்பரில் அமெரிக்காவின் விஸ்டா அவுட்டோர் நிறுவனம் தன் வியாபாரிகளுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. ஃபெடரல், ரெமிங்டன், சி.சி.ஐ., ஸ்பீர் என்று அந்த நாட்டுத் துப்பாக்கிக் கடைகளின் அலமாரியை நிறைக்கும் பல பிராண்டுகள் அப்போது அந்த ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. உலக அளவில் வெடிமருந்துக்குத் தட்டுப்பாடு வரும் போலிருக்கிறது, 2024 ஜனவரி 1 முதல் விலை கூடும் என்பதுதான் கடிதத்தின் சாரம்.

காரணம், உக்ரைன் போர். பீரங்கிக் குண்டை உந்தித் தள்ளும் மருந்துக்கும், மான் வேட்டைக்காரரின் ரைஃபிள் தோட்டாவுக்குள் இருக்கும் மருந்துக்கும் அடிப்படைச் சரக்கு ஒன்றுதான்: நைட்ரோசெல்லுலோஸ். ராணுவங்கள் கொள்முதலைக் கூட்டினால், கடைசி வரிசையில் நிற்பவர் வீட்டில் தோட்டா நிரப்பும் பொழுதுபோக்குக்காரர். அடுத்த ஆண்டே இன்னொரு திருப்பம். விஸ்டாவின் தோட்டா வணிகத்தை, பீரங்கிக் குண்டுகள் தயாரிக்கும் செக் நாட்டுக் குழுமமான சி.எஸ்.ஜி., 222.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

சரி, தோட்டாவை யாராவது வீட்டில் செய்வார்களா? செய்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கு ‘ரீலோடிங்’ என்று பெயர். கார் ஷெட்டிலோ, அடித்தள அறையிலோ ஒரு மேசை, அதில் கைப்பிடி வைத்த பிரஸ், பக்கத்தில் ஒரு தராசு. நம் ஊர் இடியாப்ப உரலுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும்.

பற்றாக்குறையில் பிறந்த தொழில்

தோட்டாவில் நான்கு பாகங்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்ட பிறகு மற்ற மூன்றும் போய்விடும். பித்தளைக் கூடு மட்டும் வெளியே வந்து விழும். நான்கில் விலை அதிகமானதும் பெரும்பாலும் அதுதான். அதைப் பொறுக்கி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மறுபடி நிரப்பினால் செலவு குறையும் என்பதுதான் ரீலோடிங்கின் கணக்கு.

தட்டுப்பாடு வரும்போதெல்லாம் இந்தக் கணக்குக்கு மவுசு கூடும். இந்தத் துறையின் பிரபலமான ஆர்.சி.பி.எஸ். நிறுவனமே அப்படிப் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் ராணுவம் எல்லாச் சரக்கையும் எடுத்துக்கொள்ள, வேட்டைக்குக் குண்டு கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரைச் சேர்ந்த ஃபிரெட் ஹண்டிங்டன், சுட்டுப்போட்ட .22 கூடுகளையே மேலுறையாக்கிக் குண்டு செய்யும் டை ஒன்றை 1943-ல் உருவாக்கினார். ‘ராக் சக்’ எனப்படும் மலை அணிலின வேட்டைக்கான குண்டு என்பதால், அந்தப் பெயரின் முதல் எழுத்துகளே நிறுவனத்தின் பெயராகிவிட்டன.

2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்த பிறகு, புதிய கட்டுப்பாடுகள் வரலாம் என்ற பயத்தில் 2013 முழுக்க அலமாரிகள் காலியாக இருந்தன. 2020-ல் கொரோனா. அந்த ஓர் ஆண்டில் மட்டும் எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனை அமைப்பில் ஏறத்தாழ 3.97 கோடி சோதனைகள் பதிவாயின. எல்லாமே புதிய விற்பனை அல்ல, உரிமச் சோதனைகளும் அதில் சேர்த்திதான். ஆனாலும் அது அதுவரை இல்லாத உச்சம்.

அப்போதுதான் பலருக்கு ஓர் உண்மை உறைத்தது. பிரஸ் இருந்தது, டை இருந்தது, பித்தளை டப்பா டப்பாவாக இருந்தது. பிரைமர் இல்லை. அதை வீட்டில் செய்ய முடியாது. கடைக்காரரை நம்பாமல் வாழலாம் என்று ரீலோடிங்கில் இறங்கியவர்கள், கடைசியில் அதே கடைக்காரரிடம் வரிசையில் நின்றார்கள்.

காசு மிச்சமாகுமா என்றால், எல்லாவற்றிலும் ஆகாது. 9 எம்.எம். போன்ற மலிவான தோட்டாக்களை வீட்டில் நிரப்புவது பெரும்பாலும் வெட்டி வேலை. .308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மூர் மாதிரி விலை கூடிய ரைஃபிள் தோட்டாக்களில்தான் உழைப்புக்குப் பலன். அதிலும் பலர் தேடுவது காசை அல்ல, தன் துப்பாக்கிக்கு மட்டுமே பொருந்தும் துல்லியத்தை.

டை என்றால் என்ன?

தலைக்கு அடிக்கும் டை அல்ல. அம்பத்தூரிலோ கோவையிலோ பட்டறைக்காரரிடம் கேட்டால் உடனே புரியும் அதே ‘டை’தான். உள்ளே துல்லியமாகக் குடைந்த எஃகு அச்சு. பித்தளைக் கூட்டை அதற்குள் அழுத்தி எடுத்தால், அச்சின் அளவுக்கு வந்துவிடும்.

இது ஏன் தேவை? .308 தோட்டா வெடிக்கும்போது உள்ளே உருவாகும் அழுத்தத்துக்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தரநிலை அமைப்பான ‘சாமி’ வைத்திருக்கும் உச்சவரம்பு 62,000 பி.எஸ்.ஐ. கார் டயரில் இருப்பதைப்போல ஏறத்தாழ 1,800 மடங்கு. அந்த அழுத்தத்தில் பித்தளை உப்பி, துப்பாக்கியின் சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு கொஞ்சம் சுருங்கும். ஆனால் பழைய அளவுக்குத் திரும்பாது. அதைத் திருப்புவது ‘சைஸிங் டை’. கூட்டை உள்ளே தள்ளும்போது அதன் நடு ஊசி பழைய பிரைமரை வெளியேற்றும். வெளியே இழுக்கும்போது ஒரு சிறு உருண்டை கழுத்தை உள்பக்கமிருந்து சீராக்கும். அடுத்தது ‘சீட்டிங் டை’, புதிய குண்டைக் குறிப்பிட்ட ஆழத்தில் பொருத்துவது. ரைஃபிளுக்கு இந்த இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு செட்.

ஒரு நிம்மதி, லீ, ஹார்னடி, ரெட்டிங், ஆர்.சி.பி.எஸ். என எந்த நிறுவனத்தின் டையாக இருந்தாலும் வெளிமரை பெரும்பாலும் ஒரே அளவு: 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை. ஒருவரின் பிரஸ்ஸில் இன்னொருவரின் டை உட்காரும். சார்ஜர் விஷயத்தில் செல்போன் கம்பெனிகள் இந்த இடத்துக்கு வர எவ்வளவு காலம் பிடித்தது என்று யோசித்துப் பாருங்கள்.

குழப்பம் வருவது வகைகளில்தான். ‘ஃபுல் லெங்த்’ டை கூட்டை முழுக்க அமுக்கும். ‘நெக்’ டை கழுத்தை மட்டும். ஒரே போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் சுட்ட கூட்டை அதே ரைஃபிளுக்குப் பயன்படுத்துகிறவர்கள் நெக் டையை விரும்புவதுண்டு, பித்தளை குறைவாகத் தேயும் என்று. ஆனால் சில சுற்றுகளுக்குப் பிறகு கூடு இறுகி, சேம்பருக்குள் போக அடம்பிடிக்கும். அப்போது மறுபடி ஃபுல் லெங்த்திடம்தான் போகவேண்டும். ஏ.ஆர்.-15 போன்ற அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு நெக் டை வேலைக்கே ஆகாது. அங்கே தோட்டா தானாகவே வழுக்கி உள்ளே போயாக வேண்டும். அடிப்பகுதியை இன்னும் இறுக்கும் ‘ஸ்மால் பேஸ்’ டையும் உண்டு. முதல்முறை வாங்குகிறவருக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. கழுத்தின் இறுக்கத்தைத் தனி வளையம் மாற்றித் தீர்மானிக்கும் ‘புஷிங்’ டை, ஆழத்தை மைக்ரோமீட்டர் பார்த்து வைக்கும் சீட்டிங் டை எல்லாம் போட்டியாளர்களின் உலகம். விலையும் அப்படித்தான், கையைக் கடிக்கும்.

கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கான கார்பைடு டையில் எண்ணெய் தடவாமலே கூட்டை அமுக்கலாம். அதைப் பார்த்துப் பழகியவர், கழுத்து குறுகிய ரைஃபிள் கூட்டையும் அப்படியே தள்ளினால், அன்றைக்கு வேலை முடிந்தது. கூடு உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

எங்கே சிக்கல் வருகிறது?

முதல் சிக்கலே அந்தச் சிக்கல்தான். மசகு போதாவிட்டால் கூடு மாட்டிக்கொள்ளும். பிரஸ் கைப்பிடியை ஓங்கி இழுத்தால் கூட்டின் விளிம்புதான் பிய்யும். பிறகு அடியில் துளையிட்டு, மரை போட்டு, திருகாணி வைத்து இழுக்கவேண்டும். இதற்கென்றே தனி கருவிப் பெட்டி விற்கிறார்கள் என்றால், எத்தனை பேர் மாட்டியிருப்பார்கள் பாருங்கள். பயந்துபோய் அள்ளித் தடவினாலும் ஆபத்து. போக வழியில்லாத எண்ணெய் கூட்டின் தோள்பட்டையில் குழி விழவைக்கும். புது டைக்குள் துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய பூச்சு இருக்கும். அதைத் துடைக்காமல் தொடங்குவதும் வழக்கமான தவறு.

இரண்டாவது, பலரைத் தலையைப் பிய்க்கவைப்பது. டையில் போட்டு எடுத்த கூடு, போடுவதற்கு முன் இருந்ததைவிட இறுக்கமாக ஆகிவிடும்! டையை மேலேயே நிறுத்திவிட்டால் இப்படி நடக்கும். கூட்டின் பக்கங்கள் அமுங்கும், அமுங்கிய உலோகம் மேல்நோக்கி நகரும், தோள்பட்டையைத் தடுக்க டையின் மேல்பகுதி இன்னும் அங்கே வந்து சேர்ந்திருக்காது. ஆகவே தோள் முன்னால் போய்விடும். டை பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்களில் சிலரின் டையில் பழுதே இருக்காது, இன்னும் கொஞ்சம் கீழே திருகியிருந்தால் போதும். சைஸிங் சரியாக இருந்தும் தோட்டா உள்ளே போகவில்லையா? சீட்டிங் டையைப் பாருங்கள். அதை அதிகமாக இறக்கியிருந்தால், குண்டைப் பொருத்தும்போதே கழுத்து நசுங்கி, தோள் வெளியே பிதுங்கியிருக்கும்.

மூன்றாவதுதான் உண்மையில் ஆபத்தானது. சத்தமே இல்லாமல் வரும். டையை அளவுக்கு மீறிக் கீழே இறக்கினால் தோள் மிகவும் பின்னால் போய்விடும். தோட்டா சேம்பருக்குள் சுலபமாகப் போகும், எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் உள்ளே இடைவெளி. வெடிக்கும்போது கூட்டின் முன்பகுதி சுவரோடு ஒட்டிக்கொள்ள, பின்பகுதி அந்த இடைவெளியை நிரப்பப் பின்னால் இழுபடும். ஒவ்வொரு முறையும் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பித்தளை மெலியும். சில சுற்றுகளில் அங்கே பளிச்சென்று ஒரு வளையம் தெரியும். அடுத்து கூடு இரண்டாகப் பிரியும். அந்த அழுத்தமுள்ள வாயு, சுடுகிறவரின் முகத்துக்குப் பக்கத்தில் வழி தேடும்.

அனுபவசாலிகள் மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து, கூட்டின் உட்சுவரில் தடவிப் பார்ப்பார்கள். ஜெம் கிளிப்பே போதும். பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கூடு குப்பைக்கு.

சரியான அளவு எவ்வளவு? போல்ட் ரைஃபிளுக்குத் தோளை 0.001 முதல் 0.003 அங்குலம் வரை பின்தள்ளினால் போதும் என்பது பொதுவான நடைமுறை. 0.002 அங்குலம் என்பது 0.05 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. டையை ஒரு முழுச் சுற்று திருகினால் 1.8 மில்லிமீட்டர் இறங்கும். அப்படியென்றால் நமக்கு வேண்டியது சுமார் 10 டிகிரி. கடிகாரத்தின் பெரிய முள் இரண்டு நிமிடத்தில் நகரும் தூரம்கூட இல்லை. “ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை இறக்கி, இன்னும் கொஞ்சம் திருகவும்” என்கிற மாதிரியான வழக்கமான கையேட்டுக் குறிப்பு எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே மாதிரி பொருந்தாதது இதனால்தான். சுட்ட கூட்டை முதலில் அளக்காமல் டையைத் தொடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு திருகுவதற்குச் சமம்.

ஊசி உடைவது சின்ன விஷயம். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு வேடிக்கை உண்டு. சில கூடுகளின் அடியில் நடுவே ஒரு துளைக்குப் பதிலாக ஓரங்களில் இரண்டு துளைகள் இருக்கும். அந்த ‘பெர்டன்’ வகையைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான ஹிராம் பெர்டன். ஒரே துளையுள்ள ‘பாக்ஸர்’ வகை, பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி எட்வர்ட் பாக்ஸருடையது. ஆனால் அமெரிக்கா பாக்ஸரைப் பிடித்துக்கொண்டது, ஐரோப்பிய ராணுவங்கள் பல பெர்டனை எடுத்துக்கொண்டன. வெளிநாட்டு ராணுவக் கூட்டைக் கவனிக்காமல் டைக்குள் விட்டால், ஊசி போய் முட்டுவது திடமான பித்தளையில்.

டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மருந்தின் அளவு தவறினால் பயனில்லை. அதற்கு மருந்து நிறுவனங்கள் வெளியிடும் அட்டவணை மட்டுமே கணக்கு. மேசையில் ஒரே நேரத்தில் இரண்டு வகை மருந்து இருக்கக்கூடாது என்பது அந்த வட்டாரத்தில் எழுதாத சட்டம்.

எழுதிய சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்ப உரிமம் தேவையில்லை. விற்பதைத் தொழிலாகச் செய்தால் தேவை. ‘டைப் 06’ என்பது அந்த உரிமம். மாநிலங்களுக்குத் தனி விதிகள் உண்டு. இந்தியாவில் கதையே வேறு. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள்.

அங்கே வேலை பார்க்கும் நம்மவர்கள் கவனிக்கவேண்டியது இன்னொன்று. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. சனிக்கிழமை அலுவலக நண்பர் தன் வீட்டு ஷெட்டுக்குக் கூப்பிட்டு, நிரப்பிய தோட்டாக்களில் ஒரு பெட்டியைப் பரிசாகக் கொடுத்தால், வாங்கிக் காரில் வைத்துக்கொள்வதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.