கேட்க வேண்டியது அவரைத்தான்

மார்பகப் புற்றுநோய் என்றாலே நம் வயதுக்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். அது திரும்பி வந்துவிட்டால் பேச்சே கிடையாது. பேச வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்து, மார்பகத்தைக் காப்பாற்றுவது இன்று சாதாரணம். முழுவதும் எடுத்தாலும் இப்படிச் செய்தாலும் ஆயுளில் வித்தியாசமில்லை என்று அமெரிக்க மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர், 20 வருஷம் தொடர்ந்து பார்த்து 2002-ல் எழுதினார். ஆனாலும் சிலருக்குப் பத்து வருஷம் கழித்துக்கூட அதே மார்பகத்தில் நோய் தலைகாட்டும். மறுபடி பயாப்ஸி, ஸ்கேன். வேறெங்கும் பரவவில்லை என்றால் பெரும்பாலும் மார்பகத்தை முழுவதும் எடுத்துவிடுவார்கள். ஒரு முறை கதிர்வீச்சு வாங்கிய இடத்தில் மறுபடி கொடுப்பது சுலபமல்ல.

எடுத்த இடத்தில் மார்பகத்தை மறுபடி உருவாக்கவும் முடியும். கதிர்வீச்சில் தோல் இறுகிப் போயிருப்பதால் சிலிக்கான் வைத்தால் தொந்தரவு வரும் வாய்ப்பு அதிகம். அதனால் அவருடைய முதுகுத் தசையையோ, அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையுமோ கொண்டு செய்வார்கள். முதுகுத் தசையை இப்படிப் பயன்படுத்தலாம் என்று இத்தாலிய மருத்துவர் டான்சினி 1906-லேயே சொல்லிவிட்டார்.

எங்கள் தெருவில் ஓர் அம்மா, வயது 62. டாக்டர் இதைப் பற்றிச் சொன்னதுமே, "இந்த வயசுல அம்மாவுக்கு அதெல்லாம் எதுக்கு டாக்டர்?" என்று மகன் முடித்துவிட்டான். பின்னொரு நாள் அவர் என் மனைவியிடம் சொன்னாராம்: "நானும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பை இலவசமாகச் செய்வதாக அறிவித்தபோது, அரசுப் பணத்தில் அழகு சிகிச்சையா என்று சிலர் கேட்டார்கள். பல் விழுந்தால் நாம் பல்செட் கட்டிக்கொள்கிறோம். அதை யாரும் ஆடம்பரம் என்பதில்லையே!

எல்லோரும் செய்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆபரேஷன் நேரம் கூடும், இரண்டு இடத்தில் காயம் ஆற வேண்டும், பழைய உணர்ச்சி முழுதாகத் திரும்பாது. சர்க்கரை அதிகமிருந்தால் காயம் ஆறத் தாமதமாகும். நோயைத் தீர்ப்பதுதான் முதல் வேலை. உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகமே போதும் என்பாரும் உண்டு. எதுவும் வேண்டாம் என்பாரும் உண்டு. எல்லாமே சரியான முடிவுதான், அவர் எடுத்த முடிவாக இருந்தால்.

ஆகவே ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்பே பிளாஸ்டிக் சர்ஜனையும் ஒரு முறை பாருங்கள். இப்போதேயா, பிறகா, என்ன செலவு, எத்தனை நாள் படுக்கை என்று கேளுங்கள். மகனோ கணவரோ கூடப் போகட்டும். பதிலை அந்த அம்மா சொல்லட்டும்.