பிரதமர் தோட்டத்தில் ஒரு பொதுவழி

பிரிட்டிஷ் பிரதமரின் ஓய்வு இல்லமான செக்கர்ஸின் கார் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு பொது நடைபாதை போகிறது. யார் வேண்டுமானாலும் போகலாம். பாஸ் கிடையாது, அடையாள அட்டை கேட்பவரும் கிடையாது. கேமராக்கள் உண்டு. பாதையை விட்டு விலகினால் குற்ற வழக்கு என்று மிரட்டும் பலகையும் உண்டு. 1921 முதல் பிரதமர்கள் வந்து தங்கும் இடம், பாதுகாப்புக்குக் கேட்கவா வேண்டும்! ஆனாலும் பாதை பாதையாகவே இருக்கிறது.

அக்டோபர் கடைசியில் என்னோடு அங்கே நடந்தவன் என் பள்ளித் தோழன். மன்னார்குடிப் பக்கம் நில அளவராக இருந்து ஓய்வு பெற்றவன்; லண்டனில் மகள் வீட்டுக்கு வந்திருந்தான். வெண்டோவரில் ரயிலை விட்டு இறங்கி, கூம்ப் குன்றில் ஏறி, செக்கர்ஸ் தாண்டி, சுற்றி வளைத்து பிரின்சஸ் ரிஸ்பரோ போய்ச் சேர ஒரு பகல் ஆயிற்று. சில்ட்டர்ன் குன்றுகளில் பீச் மரங்கள் செம்பு நிறத்தில் இலை கொட்டும் பருவம் அது. அதைக் காட்டத்தான் அழைத்துப் போனேன். அவனோ என் கையிலிருந்த ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தைப் பிடுங்கிக்கொண்டான்.

"ஏண்டா, இந்தப் பச்சைக் கோடெல்லாம் பொதுவழிங்கறியே, வயலுக்கு நடுவுல போகுதேடா? பட்டாதாரன் சும்மாவா விடுறான்?"

சும்மாதான் விட்டிருந்தான். காடு முடிந்து ஒரு கோதுமை வயல் வந்தது. பயிர் விரல் நீளம் முளைத்திருந்தது. வயலின் நட்டநடுவே, இந்த வேலியிலிருந்து அந்த வேலிவரை, விதைத்த மண்ணை மறுபடி அழுத்தி ஒரு தடம் விட்டிருந்தார்கள். சுண்ணாம்பு மண்ணும் சிக்கிமுக்கிக் கல்லும் மிதிபட்டு வெளுத்திருந்த தடம். நண்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாண் போட்டான். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது. எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, "சரியா விட்டிருக்கான்" என்றான். அவன் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

அந்த விவசாயி தர்மவான் என்று நான் சொல்ல வரவில்லை. வயலின் குறுக்கே போகும் பாதையை உழுதால் பதினான்கு நாளுக்குள் மறுபடி தடம் போட்டுத் தர வேண்டும் என்று 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் சொல்கிறது. ஒரு வழியில் மக்கள் இருபது ஆண்டு தடையில்லாமல் நடந்திருந்தால் அதைப் பொதுவழியாகக் கொள்ளலாம் என்பதும் அதே சட்டம். பொதுவழிகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் ஏற்ற 1949இலேயே சட்டம் வந்துவிட்டது. ஏறினால் அதுவே சாட்சி, வேறு ஆவணம் வேண்டியதில்லை. இப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகச் சுமார் 2,25,000 கிலோமீட்டர் பொதுவழி இருக்கிறது.

இது பிரபுக்கள் மனமிரங்கிக் கொடுத்ததும் அல்ல. 1932 ஏப்ரலில் மான்செஸ்டர் தொழிலாளர் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் திரண்டு, வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் அத்துமீறி ஏறினார்கள். முன்னே நின்ற பென்னி ராத்மனுக்கு அப்போது இருபது வயது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். நடையர்களுக்கென்று 1935இல் உருவான சங்கம் இன்றும் எந்தப் பாதையில் யார் முள்கம்பி போட்டார்கள் என்று துப்பறிந்துகொண்டிருக்கிறது. வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று நானே ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. இத்தனைக்குப் பிறகும் இங்கிலாந்து நிலத்தில் சுமார் எட்டு சதவீதத்தில்தான் பாதையை விட்டு விலகி இஷ்டப்படி நடக்க முடியும். ஸ்காட்லாந்துக்காரர்கள் 2003இல் இதைவிடப் பெரிய உரிமையே வாங்கிவிட்டார்கள்.

நம்மிடம் சட்டம் இல்லையா? இருக்கிறது. பொதுச் சாலை, சந்து, பாதை எல்லாம் அரசு உடைமை என்று 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமே சொல்கிறது. அ-பதிவேட்டில் 'வண்டிப்பாதை புறம்போக்கு' என்று சர்வே எண்ணோடு இருக்கிறது. புலப்படத்தை இப்போது செல்போனிலேயே எடுத்துப் பார்க்கலாம்.

"படத்துல நாலு மீட்டர் வண்டிப்பாதை இருக்கும். நேர்ல போனா தென்னங்கன்னு நிக்கும், மோட்டார் கொட்டகை நிக்கும். ஜமாபந்தியில மனு குடுப்பான், போய் அளந்து கல்லு நடுவோம். ரெண்டு மழை தாங்காது, கல்லு காணாமப் போயிடும். மறுபடி மனு, மறுபடி அளவு. பாவம், மனு குடுத்தவன் செத்தே போயிருப்பான்" என்றான் நண்பன். தன் வேலையைப் பற்றி அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

இருபது ஆண்டுக் கணக்கு நம் 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்திலும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும், நிலம் வைத்திருப்பவர் தன் நிலத்துக்குப் போக அடுத்தவர் நிலத்தில் கேட்கும் வழி. சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாதவர் எதைக் காட்டி வழி கேட்பார்? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்குப் பட்டா நிலத்தின் வழியே விடாததால், ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காணொளி நாடு முழுக்கச் சுற்றியது, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. காணொளி எடுக்கப்படாமல் வரப்பிலும் சேற்றிலும் பாடை சுமக்கும் ஊர்கள் எத்தனையோ. பாதை என்பது பொழுதுபோக்கு நடைக்காரனின் ஆசை என்று நினைப்பவர்கள் அந்தப் பாலத்தை நினைத்துக்கொள்ளட்டும்.

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் அந்த ஊரின் பொதுவழிகளை மட்டும் காட்டும் படம் ஒன்று, சர்வே எண்ணும் அகலமும் போட்டு, எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் புரிந்துகொள்ளும்படி மாட்டப்பட வேண்டும். பெரிய ஊரானாலும் இருக்கிற புலப்படத்திலிருந்து அதை வரைய ஒரு வாரம் போதும் என்பது நண்பன் கணக்கு. கல் நடுவதை அவன் நம்பவில்லை. ஆள் நடக்க வேண்டும் என்கிறான். அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை அதன் பிறகுதான் பிடிக்கும். கூட்டம் முடிந்து கலைவதற்கு முன் தலைவர், விஏஓ, சர்வேயர் மூவரும் ஊர்க்காரர்களோடு ஆண்டுக்கு ஒரு பாதையையாவது கடைசிவரை நடந்து, அடைப்பு இருந்தால் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். முதல் வருடம் சுடுகாட்டுப் பாதை.