பூவுக்குச் சலாம், பாளைக்குக் கேஸ்!

செஞ்சிப் பக்கத்துப் பனையேறி ஒருவரின் பேரன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமையானால் தன் வீட்டு அடுப்பிலேயே பீர் காய்ச்சுகிறான். போலீஸ் வராது. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் அவனுக்குத் துணை. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில், விற்காமல் சொந்த உபயோகத்துக்கு, வருஷத்துக்கு 200 காலன் வரை வரியே கிடையாது. நம் கணக்கில் சுமார் 757 லிட்டர்!

இங்கே தாத்தா ஒரே ஒரு கலயத்தைச் சுண்ணாம்பு தடவாமல் பாளையில் கட்டினால் குற்றவாளி.

பேரனுக்கு இருக்கும் கவலை வேறு. முதல் தடவை காய்ச்சிய பீரில் ஹாப்ஸ் மணமே வரவில்லையாம். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. பீருக்குக் கசப்பையும் மணத்தையும் தருவது அதுதான். முளைகட்டி உலர்த்திய பார்லியை 65, 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்த இனிப்புச் சாற்றைக் கொதிக்கவிடுகிறார்கள். புதுசாகக் காய்ச்சுகிறவர் கொதி வந்த உடனே மொத்தப் பூவையும் கொட்டிவிடுவார். ஒரு மணி நேரக் கொதியில் கசப்பு இறங்கும், மணம் ஆவியோடு போய்விடும். நம் வீட்டு ரசத்தில் கொத்தமல்லியை எப்போது போடுகிறோம்? இறக்கும்போதுதானே! கசப்புக்குக் கொஞ்சம் ஆரம்பத்தில், ருசிக்குக் கடைசிப் பத்து நிமிஷத்தில் அல்லது அடுப்பை அணைத்த பிறகு. இன்னும் மணம் வேண்டுமென்றால், நொதித்து அடங்கியதும் கொதிக்கவைக்காமல் அப்படியே பூவைப் போட்டு மூன்று நாலு நாள் விடலாம். பூ பழசாகக் கூடாது. காற்றுப்பட்டுப் பழசானால் சீஸ் நாற்றம் அடிக்கும்.

ஆக, ருசி என்பது நேரக் கணக்கு. கள்ளில் இது இன்னும் கறார். பாளையைத் தினம் சீவ வேண்டும். கலயம் சுத்தமாக இருக்க வேண்டும். யாரும் ஈஸ்ட் போடுவதில்லை, கலயத்திலேயே நொதி தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, சாயங்காலம் புளிப்பு, விட்டால் காடி. தாத்தாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. சட்டத்துக்குத்தான் தெரியாது.

1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. ஒளித்து இறக்குகிறவர் நிதானமாகக் கலயம் கழுவிக் காயவைப்பாரா? இறக்கிய சூட்டோடு விற்கத்தான் முடியுமா? தடை முதலில் கொல்வது ருசியை. மிச்சம் நிற்பது 'கிக்' மட்டும். கிக் மட்டும் போதும் என்கிற சந்தையில்தான் மெதனால் நுழைகிறது. 2023 மே மாதம் நம்ம விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி, அங்கே 60 உயிர்களுக்கு மேல். அவர்கள் குடித்தது கள் அல்ல, விஷச் சாராயம்.

'கள்ளில் கலப்படம் பண்ணுவானே' என்பார்கள். பண்ணுவான்தான். பாலிலும் பண்ணுகிறான், பாலைத் தடை செய்தோமா? பக்கத்துப் புதுச்சேரியில் கள்ளுக்கடை இருக்கிறது, கேரளத்தில் இருக்கிறது. அந்த ஊர் அதிகாரிகளுக்கு மட்டும் சோதிக்கத் தெரியுமா?

குடிக்கு வக்காலத்தா என்று என்னைக் கேட்பவர்களுக்கு ஒன்று. முழு மதுவிலக்கு என்று நேர்மையாகச் சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டேன். ஆனால் 2024-25-ல் டாஸ்மாக் மூலம் 48,000 கோடிக்கு மேல் வாங்கிக்கொண்டு, 42.8 சதவிகித பிராந்தியை அரசாங்கமே விற்றுக்கொண்டு, ஐந்தாறு சதவிகிதக் கள்ளைப் பார்த்து ஒழுக்கம் பேசுவது என்ன நியாயம்?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய அந்தஸ்து கொடுத்தது. ராஜகிரி ஏறி இறங்கி வருகிற வெளிநாட்டுக்காரர் ஹாப்ஸ் போட்ட பீரைத் தாராளமாக வாங்கலாம். பனையைக் காட்டி 'இதில் என்ன கிடைக்கும்?' என்று கேட்டால் 'நுங்கு சார், பதநீர் சார்' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

செஞ்சி வட்டத்தில் மட்டும் ஒரே ஒரு பருவம் சோதித்துப் பாருங்களேன். மரத்துக்கு நம்பர், பனையேறிக்கு அட்டை, மதியத்தோடு விற்பனை முடிவு, தினமும் மாதிரி எடுத்துச் சோதனை. 48,000 கோடியில் இதற்கு என்ன செலவாகிவிடும்?