கணக்கு வாத்தியார் வரும் வரையில்

நல்ல கணக்கு வாத்தியார் கிடைக்காத ஊரில் பிள்ளைகளுக்குக் கணக்கு எப்படி வரும் என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் கெட்டிக்காரர்கள், கேள்விக்குள்ளேயே பதிலையும் ஒளித்து வைத்திருக்கிறார்கள். வாத்தியார் வருகிறபோது வரட்டும், அதுவரை பிள்ளைகள் ‘கைடு’ புத்தகத்தை உருப்போட்டுப் பரீட்சையைத் தாண்டட்டும் என்பதே அந்தப் பதில். இதை நான் அடியோடு மறுக்கிறேன்.

திருவதிகையை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணுருட்டியை ஒட்டிய ஊர், கெடிலக் கரை. பலாவும் முந்திரியும் அந்த வட்டாரத்தின் செல்வம். அத்தகைய ஊர்ச் சந்தையில் விலை பேசி, எடை பார்த்து, மீதிச் சில்லறையைப் பிசகாமல் எண்ணிக் கொடுக்கிற பையன் அபூர்வமல்ல. அவனிடமே கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்கை எழுதிக் காட்டினால் திருதிருவென்று விழிக்கிறான். “இவனுக்கு மூளை போதாது” என்று நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

தீர்ப்பு தப்பு என்பதற்கு ருசு இருக்கிறது. கல்கத்தாவிலும் டில்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலிய அறிஞர்கள் சோதித்து, 2025இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதினார்கள். வியாபாரக் கணக்கை மனத்துக்குள்ளேயே போட்ட பிள்ளைகள் ஏட்டுக் கணக்கில் தடுமாறினார்கள். ஏட்டுக் கணக்கு பழகிய பள்ளிப் பிள்ளைகளோ கடைக் கணக்கில் தடுக்கி விழுந்தார்கள்! ஆக, இரண்டு கரைக்கும் நடுவே பாலம் இல்லை. அதைக் கட்டத் தொடங்குவதற்குக் கணித மேதை வேண்டியதில்லை. “எப்படியப்பா போட்டாய்?” என்று கேட்டு, பையன் சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருந்து, அவன் சொன்னதைப் பலகையில் எழுதிக் காட்டுகிறவர் போதும்.

அதற்கும் ஆளில்லை என்பீர்கள். 1789இல் சென்னை எழும்பூர் அநாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியாருக்கும் இதே தொல்லைதான். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அப்படியே சொல்லிக்கொடுக்கச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் இணங்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார், காரியம் நடந்தது. 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாக்கினார். ‘மதராஸ் முறை’ என்று அது இங்கிலாந்தில் பரவிற்று.

இதற்காக நான் சட்டாம்பிள்ளைக்குக் கோயில் கட்டச் சொல்லவில்லை. எண்சுவடியை ஒப்பிக்க வைத்த திண்ணையில் பிரம்பும் இருந்தது. சீமையில் அந்த முறை எடுபட்டதற்குச் செலவு குறைவு என்பதும் ஒரு பெரிய காரணம். நமக்கும் அந்த ஆபத்து உண்டு. 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. ஊர்ப் பெண்கள் மாலை வேளையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். அந்தப் பெண்களைக் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் அவர்களைக் காட்டி, காலியான வாத்தியார் நாற்காலியைக் காலியாகவே வைத்திருக்க ஒரு சர்க்கார் நினைக்குமானால், அது தொண்டைச் சுரண்டுவதாகும்.

அப்படியானால் எது முதலில், தொண்டா, வாத்தியாரா? பக்கத்து நெய்வேலியைப் பாருங்கள். பழுப்பு நிலக்கரிக்கு அடியிலே ஊற்று நீர் முட்டிக்கொண்டு நின்றது. தண்ணீர் தானாக வற்றட்டும் என்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இராப் பகலாக இறைத்தார்கள், இறைத்துக்கொண்டே தோண்டினார்கள். 1956இல் கம்பெனி ஏற்பட்டது. 1962இல் மின்சாரம் பிறந்தது. இறைப்பதோடு திருப்திப்பட்டிருந்தால் கரி கிடைத்திராது. இறைக்காமல் தோண்டியிருந்தால் சுரங்கம் மூழ்கியிருக்கும். கரிக்காக இவ்வளவு பாடுபடத் தெரிந்த நமக்கு, பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் ஏன் கை வரவில்லை?

திருவதிகை, ‘உண்மை விளக்கம்’ செய்த மனவாசகங்கடந்தாரின் ஊர். மாணாக்கன் கேட்கிறான், குரு விடை சொல்கிறார். நூல் முழுவதும் இப்படித்தான் நடக்கிறது. வாத்தியாரை நியமிக்கச் சொல்லிச் சர்க்காரை நச்சரிப்போம். அவர் வந்து சேருகிறபோது, கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைகள் வகுப்பில் இருக்க வேண்டும். உருப்போடுவது ஒன்றையே பழக்கியிருந்தால், எத்தனை பெரிய நிபுணர் வந்துதான் என்ன பிரயோஜனம்?