மழலையின் பகுப்பறிவு

கத்தரிக்காய், வெண்டைக்காய், தக்காளி, மாம்பழம் என நான்கு படங்களை அச்சிட்டு, பொருந்தாததை வட்டமிடுமாறு பணிக்கிறது மழலையர் பயிற்சி ஏடு. மாம்பழத்தை வட்டமிட்ட குழந்தைக்குப் பாராட்டு. வெண்டைக்காயை வட்டமிட்டதற்குச் சிவப்பு மையில் பெருக்கற்குறி. ஏனைய மூன்றும் திரண்டிருக்க, இஃதொன்றே நீண்டு மெலிந்திருப்பதை அக்குழந்தை கண்டிருக்கலாம். கேட்பார் எவருமில்லை.

தாவரவியலாரைக் கேட்டால் நான்குமே கனிகள் என்பார்; பூவின் சூலகம் முதிர்ந்து விதை தாங்குவது எதுவாயினும் அவர்க்குக் கனியே. இதே தக்காளி ஒருகால் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இறக்குமதியாகும் காய்கறிக்குச் சுங்கம் உண்டு, பழத்துக்கு இல்லை என்றிருந்த காலம் அது. தாவரவியல் யாது கூறினும் மக்கள் வழக்கில் தக்காளி காய்கறியே என 1893ஆம் ஆண்டு அம்மன்றம் தீர்ப்பளித்தது. நீதியரசர்கள் காரணம் காட்டித் தீர்க்க நேர்ந்த வினாவுக்கு, நான்கு வயதுக் குழந்தை காரணம் கூறாமலே விடை தர வேண்டுமாம்!

வகைப்பாடு என்பது பொருள்களின் மேல் எழுதியிருப்பதன்று. எந்தப் பண்பை அளவுகோலாகக் கொள்கிறோமோ, அதற்கேற்ப இனம் மாறும். தொல்காப்பியத்தின் மரபியல் இதற்குத் தக்க சான்று. புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் அது பிரிக்கிறது. அவ்வளவையால் வானளாவும் பனையும் தென்னையும் புல்லினமாகின்றன. உயரத்தை மட்டும் நோக்குவார்க்கு இது வியப்பளிக்கும். வயிரம் இருக்குமிடத்தை நோக்குவார்க்கு இதில் வியப்பில்லை. இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களுள்ளேயே வைக்கிறது. இத்தகைய மரபுக்கு உரிய மொழியில், இனம் பிரிக்கும் பாடம் வட்டமிடும் பயிற்சியாய்ச் சுருங்கியது வருந்தத்தக்கது.

குழந்தையின் பகுப்பறிவு எவ்வாறு வளர்கிறது என்பதைச் சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் விரிவாக ஆராய்ந்து 1959இல் நூலாக்கினர். சதுரம், முக்கோணம், வட்டம் ஆகிய அட்டைகளைக் கொடுத்து இனம் பிரிக்கச் சொன்னால், மிக இளையோர் சதுரத்தின்மேல் முக்கோணத்தை ஏற்றி வீடு கட்டிவிடுகின்றனர். அது பிழையன்று, அப்பருவத்தின் இயல்பு. ஒரே பண்பைப் பற்றி நின்று இறுதிவரை பிரிப்பதும், அதே பொருள்களைக் கலைத்து வேறொரு பண்பால் பிரிப்பதும் பின்னரே கைகூடும். பெருங்குழுவுக்குள் சிறுகுழு அடங்கும் என்ற தெளிவு இன்னும் பிந்தியது. மரத்தாலான மணிகளுள் பழுப்பு மிகுதியாகவும் வெள்ளை சிலவாகவும் இருக்க, மரமணிகள் மிகுதியா, பழுப்பு மணிகள் மிகுதியா என்று கேட்டால், ஏறத்தாழ ஏழு வயதுக்குக் கீழுள்ளோர் பலரும் பழுப்பு மணிகளே என்று தயங்காமல் விடையிறுக்கின்றனர். எத்துணை ஏடுகளை நிரப்பினாலும் இத்தெளிவை வயதுக்கு முன்னே வரவழைப்பது அரிது.

1907இல் உரோமாபுரியில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி, இனம் பிரிக்கப் பழகுவதற்குரிய கருவிகளை ஆக்கினார். வடிவும் அளவும் ஒன்றாயிருக்க நிறம் மட்டும் வேறுபடும் பலகைகள் அவற்றுள் அடங்கும். ஒரு பண்பைத் தனித்து நிறுத்தினால் குழந்தையின் கவனம் அதன்மேல் ஊன்றும் என்பதே அவற்றின் நுட்பம். 1939இல் அவரே சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். இன்று அவர் பெயரைப் பலகையில் தாங்கும் மழலையர் பள்ளிகள் நம் ஊர்களில் பல. அவற்றுள் எத்தனையில் அந்நுட்பம் எஞ்சியுள்ளது என்பதைப் பெற்றோரே பார்த்தறியலாம்.

விலையுயர்ந்த கருவிகளும் வேண்டியதில்லை. துவைத்த துணி, கழுவிய கரண்டி, சந்தையிலிருந்து வந்த காய்கறிப் பை ஆகியவை போதும். மூன்று வயதுக்குட்பட்டோர் கையில் மட்டும் புளியங்கொட்டை, பொத்தான் போன்ற சிறு பொருள்களைத் தரலாகாது. அவை தொண்டையில் அடைக்கக்கூடியவை. பிரித்து முடித்த குழந்தையிடம், இவற்றை ஏன் ஒன்றாக வைத்தாய் என்று கேட்க வேண்டும். விடை எதுவாயினும் பொறுமையுடன் கேட்ட பின்னர், வேறு விதமாக வைக்க இயலுமா என்று வினவ வேண்டும். இவ்விரு வினாக்களில் பாடம் முழுவதும் அடங்கிவிடுகிறது.

நிரப்பிய பக்கங்களைக் காட்டாவிடில் பெற்றோர் சினக்கின்றனர் என்பது பள்ளி நடத்துவோர் கூற்று. அதில் உண்மையும் உண்டு. ஆயினும் பெற்றோரின் அறியாமைக்குக் குழந்தை விலை கொடுப்பது முறையன்று. ஐந்து வயது நிரம்பாத குழந்தையின் வகைப்பாட்டுக்குச் சரி, தவறு எனக் குறியிடும் வழக்கத்தை மழலையர் பள்ளிகள் இக்கல்வியாண்டிலேயே கைவிட வேண்டும். பயிற்சி ஏடுகளை அச்சிடுவோர் இறுதிப் பக்கத்து விடைப்பட்டியலை நீக்கி, குழந்தை கூறும் காரணத்தை ஆசிரியர் குறித்துவைக்க அங்கு இடம் விட வேண்டும்.